ஓடாத காருக்கு ஆயில் எப்ப மாத்தணும்? கிலோமீட்டரை விடுங்க, காலண்டரைப் பாருங்க



ஆரல்வாய்மொழி, தோவாளை, பூதப்பாண்டி பக்கம் போய்ப் பார்த்தா நிறைய வீட்டு முற்றத்துல ஒரு கார் கவர் போட்டு நிக்கும். பையனோ பொண்ணோ சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலை பார்க்கிறாங்க. சிலர் திருவனந்தபுரம் டெக்னோபார்க், சிலர் வளைகுடா. சம்பளம் கொஞ்சம் ஏறினதும், “அப்பா அம்மாவுக்கு ஒரு வண்டி இருக்கட்டும்”னு வாங்கிப் போட்டது. 2025 செப்டம்பர் 22ல சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமா குறைஞ்சதும் “இப்ப வாங்கலன்னா எப்ப வாங்குறது”ன்னு வாங்கினவங்களும் உண்டு.

அந்த வண்டி வருஷத்துக்கு எவ்வளவு ஓடுது? பொங்கல், ரெண்டு கல்யாணம், ஒரு கோயில் கொடை, நாகர்கோவிலுக்கு சில தடவை. எல்லாம் சேர்த்தா 2,000 கி.மீ. தேறினா பெரிய விஷயம்.

இந்த நிலைமையில சர்வீஸ் சென்டர்ல இருந்து போன் வருது. “சார், ஒரு வருஷம் ஆச்சு, ஆயில் மாத்தணும்.” வீட்டுல அப்பா என்ன சொல்வார்? “ரெண்டாயிரம் கூட ஓடல, என்னத்துக்குலே ஆயில் மாத்தணும்? அவனுவளுக்கு பணம் பறிக்கணும்.” மேனுவலைப் பார்த்தா 10,000 கி.மீ.ன்னு போட்டிருக்கு. யார் சொல்றதைக் கேட்கிறது?

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. எவ்வளவு குறைவா ஓடியிருந்தாலும் அதைத் தள்ளிப்போடாதீங்க. “ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துங்க சார்”னு யாராவது சொன்னா, காரணம் கேட்காம சரின்னு தலையாட்டாதீங்க. இந்த ரெண்டுக்கும் காரணம் இருக்கு. அதோட இன்னொரு விஷயமும் இருக்கு. இந்த ஆயில் கேள்வியைச் சரியா பிடிச்சா, ஓடாத கார் உங்க சம்பளத்தை எப்படித் தின்னுதுங்கிற மொத்தக் கணக்கும் புரியும்.

ஓடலன்னா ஆயில் எப்படிக் கெடும்?

டப்பாவுல சீல் உடைக்காம இருக்கிற ஆயில் வருஷக்கணக்கா கெடாம இருக்கும். எஞ்சினுக்குள்ள ஊத்தின ஆயில் அப்படி இல்லை. அதுக்கு அங்க கூட்டாளிங்க இருக்காங்க: தண்ணி, எரியாத பெட்ரோல், அமிலம்.

தண்ணி எங்க இருந்து வருதுன்னு கேட்பீங்க. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி உருவாகும். பத்தாம் வகுப்பு கெமிஸ்ட்ரிதான்: பெட்ரோல்ல இருக்கிற ஹைட்ரஜன் காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேருது. இதுல பெரும்பகுதி நீராவியா சைலன்ஸர் வழியா வெளியே போயிடும். காலையில வண்டி ஸ்டார்ட் பண்ணும்போது சைலன்ஸர் முனையில தண்ணி சொட்டுறது இதுதான். கொஞ்சம் வாயு மட்டும் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியா கீழே இறங்கி ஆயில் இருக்கிற இடத்துக்குப் போகும். அதோட நீராவியும் போகும், எரியாத பெட்ரோலும் போகும்.

நீங்க வண்டியை நல்லா சூடேற ஓட்டினா கவலை இல்லை. ஆயில் சூடாகி, அந்தத் தண்ணியும் பெட்ரோலும் ஆவியாகி, எஞ்சினே அதை உறிஞ்சி எரிச்சிடும். அதுக்குன்னே ஒரு வால்வும் குழாயும் எஞ்சின்ல இருக்கு. ஆனா சூடேறுறதுக்கு முன்னாடியே ஆஃப் பண்ணிட்டா? வந்த தண்ணி அங்கேயே தங்கும். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் சேரும்.

ஆயில்ல வெறும் எண்ணெய் மட்டும் இல்லை. அமிலத்தைச் சமன்படுத்த, அழுக்கைப் பிடிச்சு மிதக்க வைக்க, உலோகம் தேயாம காக்கன்னு பலவிதமான சேர்மானங்கள் கலந்திருக்கும். தண்ணியும் அமிலமும் சேரச் சேர, அந்தச் சேர்மானங்கள் செலவாகிட்டே வரும். ஓடோமீட்டர் நகராம இருந்தாலும் இந்தச் செலவு நடக்கும். அதனாலதான் ஓடாத காருக்குக் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாதுன்னு சொல்றேன்.

ஒரு நியாயத்தையும் சொல்லணும். நம்ம ஊர் குளிர் நாடு இல்லை. காஷ்மீர்ல, ஐரோப்பாவுல மாதிரி எஞ்சின் ஐஸா கிடக்காது, சீக்கிரம் சூடாகும். அதனால ஒரு வருஷம் தாண்டிட்டா மறுநாளே எஞ்சின் போயிடும்னு யாராவது பயமுறுத்தினா நம்பாதீங்க. இது மெதுவா நடக்கிற வேலை. ஆனா நடந்துகிட்டே இருக்கிற வேலை.

“டெய்லி அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணிப் போடுகேன்”

ஊர்ல போன் பண்ணி வண்டியைப் பத்திக் கேட்டா பெரும்பாலும் வர்ற பதில் இது: “மக்ளே, நான் டெய்லி காலையில அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணிப் போடுகேன். நீ ஒண்ணும் பயப்படாண்டாம்.”

பாசத்துல பண்றது. ஆனா எஞ்சினுக்கு இதைவிட மோசமான பழக்கம் ரொம்பக் குறைவு. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் பெட்ரோல் கூடுதலா பாயும். அஞ்சு நிமிஷம் ஐடிலிங்ல விட்டா ஆயில் சூடாகவே ஆகாது. ஆக, தினமும் கொஞ்சம் தண்ணியும் கொஞ்சம் பெட்ரோலும் ஆயில்ல சேர்த்துட்டு, ஆவியாக விடாம நிறுத்துறோம். ஸ்டார்ட் பண்ண பேட்டரி குடுத்த கரண்ட் கூட, ஏசியும் லைட்டும் ஓடினா, அந்த அஞ்சு நிமிஷத்துல முழுசா திரும்பி வராது.

டேஷ்போர்டுல சூடு காட்டுற முள் நடுவுக்கு வந்தா போதாதான்னு கேட்கலாம். அது காட்டுறது கூலன்ட்டோட சூடு. ஆயில் அதுக்கு அப்புறம்தான் மெதுவா சூடாகும். நிக்க வெச்சு சூடாக்கிறதைவிட, ஓட்டி சூடாக்கிறதுதான் சரி.

அப்பாகிட்ட இப்படிச் சொல்லுங்க: “தினமும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்ப்பா. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அரை மணி நேரம் ஓட்டிட்டு வாங்க.” ஆரல்வாய்மொழியில இருந்து முப்பந்தல், காவல்கிணறு தாண்டி பணகுடி வரைக்கும் நாற்கரச் சாலையில போயிட்டுத் திரும்பினா போதும். இல்லன்னா நாகர்கோவில் போய் ஒரு வேலையை முடிச்சிட்டு வரலாம், ஒரு வழிக்கே சுமார் 15 கி.மீ. இருக்கு. ஆயில் நல்லா சூடாகும், பேட்டரி ஏறும், பிரேக் டிஸ்க்கில படிஞ்ச துருவும் தேய்ஞ்சு போகும், டயர் ஒரே இடத்துல அழுந்திக் கிடக்காது. பெட்ரோல் செலவு 200 ரூபா ஆகும். இந்த 200 ரூபா எந்த எஞ்சின் டானிக்கையும்விட நல்ல முதலீடு.

குறைவா ஓடுற கார்ல ரெண்டு வகை

இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. வருஷத்துக்கு 2,000 கி.மீ. ஓடுற ரெண்டு காரை எடுத்துக்குவோம்.

முதல் கார்: ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, போக வர 60, 80 கி.மீ. ஓடும். ஒவ்வொரு தடவையும் எஞ்சின் நல்லா சூடாகும்.

ரெண்டாவது கார்: தினமும் கடைத்தெருவுக்கு 3 கி.மீ., ரயில்வே ஸ்டேஷனுக்கு 3 கி.மீ. எஞ்சின் சூடாகுறதுக்குள்ள வீடு வந்துடும்.

ஓடோமீட்டர்ல ரெண்டும் ஒண்ணு. ஆயிலைப் பொறுத்தவரை ரெண்டும் வேற வேற. முதல் காருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை தாராளமா போதும். ரெண்டாவது கார் மேனுவல்ல “கடினமான பயன்பாடு”ங்கிற பட்டியல்ல வரும். பல கம்பெனி மேனுவல்ல இந்தப் பட்டியல் பின்பக்கமா ஒளிஞ்சிருக்கும்: திரும்பத் திரும்பக் குறைந்த தூரம் ஓட்டுறது, ரொம்ப நேரம் ஐடிலிங், தூசி நிறைந்த சாலை. ஹூண்டாய் மேனுவல்ல சாதாரண வெப்பத்துல 8 கி.மீ.க்கும் குறைவான பயணம் திரும்பத் திரும்பப் போறதையே கடினமான பயன்பாடுன்னுதான் போட்டிருக்காங்க. அந்த மாதிரி ஓட்டினா இடைவெளியைப் பாதியா குறைக்கச் சொல்லுவாங்க.

அப்போ ரெண்டாவது கார்க்காரர் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணுமா? மேனுவல் அப்படிச் சொன்னா, அதுல தப்பில்லை. ஆனா என் யோசனை வேற. கடைத்தெருவுக்கு ஸ்கூட்டர்ல போங்க. காரை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நீளமா ஓட்டுங்க. ரெண்டாவது கார் முதல் காரா மாறிடும். ஆயில் செலவும் பாதியாகும்.

கம்பெனி கணக்கு என்ன?

மாருதி சுசூகி, ஹூண்டாய் பெட்ரோல் கார்களுக்கு இலவச சர்வீஸ் முடிஞ்ச பிறகு பொதுவான கணக்கு: 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், இதுல எது முதல்ல வருதோ அது. இந்தக் கடைசி வார்த்தைகளைத்தான் நாம படிக்காம விடுறோம். வருஷத்துக்கு 2,000 கி.மீ. ஓடுற ஆளுக்கு “எது முதல்ல வருதோ”ன்னா எப்பவுமே ஒரு வருஷம்தான்.

வாரண்டி காலத்துல இதை மீறினா இன்னொரு சிக்கல் இருக்கு. பின்னாடி எஞ்சின்ல ஏதாவது கோளாறு வந்தா, “சர்வீஸ் சரியான நேரத்துல பண்ணலையே”ன்னு க்ளெய்மை மறுக்க கம்பெனிக்கு ஒரு காரணம் கிடைச்சிடும். சில ஆயிரம் ரூபாய்க்காக, லட்ச ரூபாய் வாரண்டியைக் கேள்விக்குறி ஆக்குறது நல்ல பேரம் இல்லை.

“ஐரோப்பாவுல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதானே மாத்துறாங்க?”ன்னு வாட்ஸ்அப்ல ஒரு மாமா கேட்பார். கேள்வி நியாயம்தான். ஃபோக்ஸ்வேகன் மாதிரி கம்பெனிகள் அங்க 30,000 கி.மீ. அல்லது ரெண்டு வருஷம் வரைக்கும் போற ஒரு முறை வெச்சிருக்காங்க. ஆனா அதுக்கு அவங்க குறிப்பிடுற தனி ரக ஆயில் ஊத்தணும். வண்டி எப்படி ஓடுதுன்னு காரே கணக்கு வெச்சு, குறைந்த தூரம் ஓட்டினா இடைவெளியைத் தானே குறைக்கும். அதே கம்பெனி இந்தியாவுல குடுக்கிற கணக்கு 15,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம். அங்க இருக்கிற விதியை இங்க இருக்கிற ஆயிலுக்குப் பொருத்த முடியாது.

முப்பந்தல் காத்தாடி சொல்ற பாடம்

ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி முப்பந்தல் பக்கம் போனா ரெண்டு பக்கமும் காத்தாடிதான். இந்தியாவோட மிகப் பெரிய காற்றாலைத் தொகுப்புகள்ல ஒண்ணு. ஆனி, ஆடி மாசத்துல தென்மேற்குக் காத்து கணவாய் வழியா சீறிக்கிட்டு வரும்போது அந்த இறக்கைகள் நிக்காம சுத்தும். கியர்பாக்ஸ் உள்ள பெரிய காத்தாடிகள்ல உள்ளே நூற்றுக்கணக்கான லிட்டர் ஆயில் இருக்கும். உயரத்துல போய் அவ்வளவையும் மாத்துறது செலவான வேலை. அதனால இந்தத் துறையில ஆயில்ல கொஞ்சம் சாம்பிள் எடுத்து லேப்ல சோதிப்பாங்க. தண்ணி எவ்வளவு, உலோகத்துகள் எவ்வளவு, சேர்மானம் மிச்சம் எவ்வளவுன்னு பார்த்துட்டு, தேவைப்பட்டா மாத்துவாங்க.

உண்மையில காருக்கும் இதுதான் சரியான முறை. ஆனா நம்ம சின்ன கார்ல இருக்கிறது 3 லிட்டர், 3.5 லிட்டர் ஆயில். அதைச் சோதிக்க ஆகுற செலவுக்கும் அலைச்சலுக்கும் புது ஆயிலே ஊத்திடலாம். “வருஷத்துக்கு ஒரு தடவை”ங்கிற விதி எங்க இருந்து வந்துச்சுன்னா இங்க இருந்துதான். உங்க ஆயில் 365ஆவது நாள் செத்துடும்னு அதுக்கு அர்த்தம் இல்லை. 14 மாசம் கூட தாங்கலாம். ஆனா உங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சுக்க ஆகுற செலவு அதிகம். தெரியாத இடத்துல சின்னத் தொகை குடுத்து பெரிய ரிஸ்க்கைத் தவிர்க்கிறதுக்கு பேர் என்ன? டெர்ம் இன்சூரன்ஸ் எடுக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆறு மாசக்காரங்க

இப்ப அந்தப் பக்கத்தையும் பார்ப்போம். “ஆயில் கறுத்துப் போச்சு சார், மாத்திடுங்க.” இது சர்வீஸ்ல அடிக்கடி கேட்கிற வசனம். ஆயில் கறுக்கிறது அதோட வேலை. அழுக்கைப் பிடிச்சு வெச்சிருக்கிறதால கறுக்குது. டீசல் கார்ல மாத்தின கொஞ்ச நாள்லயே கறுத்துடும். கறுப்பு நிறத்தை மட்டும் காட்டி விக்கிறவர்கிட்ட, “மேனுவல்ல எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?”ன்னு கேளுங்க.

பயப்பட வேண்டிய நிறம் வேற. ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து அடியில பாருங்க. பால்காப்பி நிறத்துல, வெண்ணெய் மாதிரி பிசுபிசுப்பா ஏதாவது ஒட்டியிருந்தா தண்ணி சேர்ந்திருக்கு. லேசா இருந்தா வண்டியை நீளமா ஓட்டணும்னு அர்த்தம். டிப்ஸ்டிக்கிலயும் அதே நிறம்னா, கூலன்ட் குறைஞ்சுட்டே வந்தா, உடனே மெக்கானிக்கிட்ட காட்டுங்க. டிப்ஸ்டிக்கில ஆயில் மட்டம் தானா ஏறியிருந்தாலோ, பெட்ரோல் வாடை அடிச்சாலோ அதுவும் எச்சரிக்கைதான்.

இந்த அடிக்கடி மாத்துற பழக்கம் நம்ம ஊர்ல மட்டும் இல்லை. அமெரிக்காவுல 3,000 மைலுக்கு ஒரு தடவை, அதாவது சுமார் 4,800 கி.மீ.க்கு ஒரு தடவை மாத்துறது ஒரு சடங்காவே இருந்துச்சு. எஞ்சினும் ஆயிலும் எவ்வளவோ முன்னேறின பிறகும் அந்தப் பழக்கம் போகல. கடைசியில கலிஃபோர்னியாவோட கழிவு மேலாண்மைத் துறையே, தேவையில்லாம மாத்துற ஆயில் குப்பையாகுதுன்னு, “உங்க மேனுவல்ல என்ன எண் இருக்குன்னு பாருங்க”ன்னு பிரசாரம் பண்ண வேண்டி வந்துச்சு.

ஆயிலோட சேர்த்து வர்ற மத்த சாமான்களையும் கவனிங்க. எஞ்சின் ஃப்ளஷ், எஞ்சின் கோட்டிங், ஆயில் அடிடிவ். ஆயில்ல தேவையான சேர்மானம் ஏற்கெனவே இருக்கு. மேனுவல்ல இல்லாத எதுக்கும் காசு குடுக்காதீங்க. எஸ்டிமேட்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வரியா படிச்சு, வேண்டாததை அடிக்கச் சொல்லுங்க. ஊர்ல அப்பா தனியா வண்டியை விடப் போறார்னா, எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்ல உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்க. அப்பா தயங்கலாம், நீங்க போன்ல கேட்கிறதுக்கு தயங்க வேண்டியதில்லை.

இப்ப கணக்கு

ஆயிலும் ஃபில்டரும் மாத்த 2,500 ரூபான்னு வெச்சுக்குவோம். உங்க காருக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

- வருஷத்துக்கு ஒரு தடவை: 10 வருஷத்துல 25,000 ரூபா.
- ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை: 12,500 ரூபா. மிச்சம் 12,500. மாசத்துக்குப் பார்த்தா 104 ரூபா.
- ஆறு மாசத்துக்கு ஒரு தடவை: 50,000 ரூபா. கூடுதல் செலவு 25,000. அதோட வருஷத்துக்கு 2,000 ரூபாய்க்கு ஃப்ளஷ், கோட்டிங் சேர்ந்தா இன்னொரு 20,000. மொத்தம் 45,000 வீண்.

மாசம் 104 ரூபா மிச்சம் பிடிக்க, எஞ்சினைப் பணயம் வைக்கிறீங்க. எஞ்சின் இறக்கி வேலை பார்க்கணும்னா எத்தனை பத்தாயிரம் ஆகும்னு பக்கத்து மெக்கானிக்கிட்ட கேட்டுப் பாருங்க. ஆயில் மாத்துறதைத் தள்ளிப்போடுறது சிக்கனம் மாதிரி தெரியும், ஆனா சிக்கனம் இல்லை. உண்மையான பணம் வேற இடத்துல ஓடிட்டு இருக்கு.

ஓடாத கார் உண்மையில எங்க செலவாகுது?

7 லட்ச ரூபா கார்னு வெச்சுக்குவோம். இன்சூரன்ஸ் கம்பெனிகள் காரோட மதிப்பை, அதாவது ஐடிவியை, கணக்குப் போட ஒரு தேய்மான அட்டவணை இருக்கு. ஒண்ணுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள 20 சதவீதம், ரெண்டுல இருந்து மூணுக்குள்ள 30, மூணுல இருந்து நாலுக்குள்ள 40, நாலுல இருந்து அஞ்சுக்குள்ள 50 சதவீதம். அந்த அட்டவணையில கிலோமீட்டர்னு ஒரு கட்டமே இல்லை. கவர் போட்டு நிக்கிற காரும் ஊர் சுத்துற காரும் அதுல ஒண்ணுதான். விக்கப் போகும்போது குறைவா ஓடின காருக்கு சந்தையில கொஞ்சம் கூட கிடைக்கலாம். ஆனா வருஷம்தான் முதல்ல பேசும்.

மூணாம் நபர் இன்சூரன்ஸும் அப்படித்தான். 2022 ஜூன்ல நிர்ணயிச்ச கட்டணப்படி 1000 சிசி வரைக்கும் 2,094 ரூபா, 1000ல இருந்து 1500 சிசி வரைக்கும் 3,416 ரூபா. எஞ்சின் அளவைத்தான் பார்க்கிறாங்க. பேட்டரி நின்னாலும் கெடும், ஓடாம நின்னா இன்னும் சீக்கிரம் கெடும். டயர் ரப்பர் பட்டன் தேயாமலேயே வெயில்லயும் காத்துலயும் வெடிக்கும்.

இப்ப வருஷக் கணக்கு போடுவோம்:

- மதிப்புக் குறைவு: அஞ்சு வருஷத்துல 3.5 லட்சம், வருஷத்துக்கு 70,000
- முழு இன்சூரன்ஸ்: 12,000
- வருஷ சர்வீஸ் (ஆயில் உட்பட): 5,000
- பேட்டரி, டயருக்கு ஒதுக்க வேண்டியது: 5,000
- 2,000 கி.மீ.க்கு பெட்ரோல், லிட்டருக்கு 16 கி.மீ., லிட்டர் 100 ரூபான்னு வெச்சா: 12,500

மொத்தம் 1,04,500 ரூபா. கிலோமீட்டருக்கு 52 ரூபா. இதே கார் வருஷத்துக்கு 10,000 கி.மீ. ஓடினா கிலோமீட்டருக்கு 15 ரூபா சொச்சம்தான். லோன்ல வாங்கியிருந்தா வட்டி தனி.

இந்த 1,04,500ல ஆயிலுக்குப் போறது 2,500. நூத்துக்கு ரெண்டரை ரூபா கூட இல்லை. அந்த ரெண்டரை ரூபாயை மிச்சம் பிடிக்க சண்டை போடுறோம், மிச்சம் தொண்ணூத்தேழரையைப் பத்திப் பேசுறதே இல்லை.

அப்போ காரை வித்துடணுமா? ஊர்ல இருக்கிற டாக்ஸிக்காரர்கிட்ட நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கும் எவ்வளவுன்னு கேட்டு, உங்க வருஷப் பயணத்தோட பெருக்கிப் பாருங்க. பல பேருக்கு டாக்ஸிதான் லாபமா வரும். இன்னும் கார் வாங்காதவங்க, வாங்குறதுக்கு முன்னாடியே இந்தக் கணக்கைப் போட்டுடுங்க.

ஆனா எல்லாமே கிலோமீட்டர் கணக்குல அடங்காது. வயசான அப்பா அம்மா தனியா இருக்காங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலின்னா ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போகணும். 108க்கு போன் பண்ணுவோம்தான். இருந்தாலும் வீட்டு முற்றத்துல ஒரு வண்டி, பக்கத்து வீட்டுத் தம்பிக்கு ஓட்டத் தெரியும்ங்கிற தைரியத்துக்காக கிலோமீட்டருக்கு 52 ரூபா குடுக்கிறீங்கன்னா, அது உங்க முடிவு, நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா அந்தத் தைரியத்துக்காகத்தான் காசு குடுக்கிறீங்கன்னா, அந்த ராத்திரி வண்டி ஸ்டார்ட் ஆகணும். ஆயில் மாத்தாம, பேட்டரி செத்து நிக்கிற காருக்கு லட்ச ரூபா செலவழிக்கிறதுல அர்த்தமே இல்லை.

செய்ய வேண்டியது

1. போன் காலண்டர்ல வருஷத்துக்கு ஒரு தேதி போடுங்க. இன்சூரன்ஸ் ரினியூவல் மாசத்துலயே ஆயிலும் வெச்சுக்கிட்டா மறக்காது.

2. மேனுவல்ல என்ன கிரேடோ அதையே ஊத்துங்க. 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30ன்னு காருக்கு கார் மாறும். “கெட்டியா ஊத்தினா எஞ்சினுக்கு நல்லது”ங்கிறது பழைய காலத்துப் பேச்சு. விலை கூடின ஆயில் ஊத்திட்டோம்னு இடைவெளியை நீட்டாதீங்க.

3. ஆயில் மாத்தும்போது ஃபில்டரையும் மாத்துங்க. கணவாய்க் காத்துல தூசி ஜாஸ்தி, ஏர் ஃபில்டரையும் கழட்டிப் பார்க்கச் சொல்லுங்க.

4. வாரண்டி முடியிற வரைக்கும் கம்பெனி சர்வீஸ். அதுக்கப்புறம் நம்பிக்கையான உள்ளூர் மெக்கானிக் போதும். பில் மட்டும் வாங்கி, தேதியும் கிலோமீட்டரும் எழுதி வெச்சுக்கோங்க. விக்கும்போது அந்த பில்கள் பேசும்.

5. ஆன்சைட்டோ வளைகுடாவோ போறீங்க, வண்டி ஆறு மாசம் நிக்கப் போகுதுன்னா, திரும்பி வந்து மாத்தலாம்னு இருக்காதீங்க. போறதுக்கு முன்னாடி மாத்துங்க. பழைய ஆயில்ல இருக்கிற அமிலமும் ஈரமும் அத்தனை மாசம் எஞ்சினுக்குள்ள கிடக்க வேண்டாம்.

6. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேர ஓட்டம். அதுக்கு ஆள் இல்லன்னா, பேட்டரிக்கு மெதுவா சார்ஜ் ஏத்துற சின்ன சார்ஜர் ஒண்ணு வாங்கிப் போடுங்க. வெறுமனே அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்றதை நிறுத்துங்க.

7. இன்சூரன்ஸ்ல ஓட்டுற தூரத்துக்கு ஏத்த பிரீமியம் கட்டுற ஆட்-ஆன் இருக்கான்னு கேளுங்க. 2022 ஜூலையில ஐஆர்டிஏஐ இதுக்கு அனுமதி குடுத்துச்சு. மூணாம் நபர் கட்டணம் குறையாது, சொந்த வண்டி சேதத்துக்கான பகுதியில குறையும். வருஷத்துக்கு 2,000 கி.மீ. ஓட்டுறவங்களுக்குன்னே வந்த விஷயம் இது. இதுல மிச்சமாகிற பணத்துல ஆயில் செலவுக்கு ஒரு பங்கு வந்துடும்.

இன்னைக்கு ஊருக்கு போன் பண்ணும்போது ஒரே ஒரு வேலை பண்ணுங்க. கிளவ் பாக்ஸ்ல இருக்கிற கடைசி சர்வீஸ் பில்லை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அதுல கிலோமீட்டரை விட்டுட்டு தேதியை மட்டும் பாருங்க. ஒரு வருஷம் தாண்டிடுச்சுன்னா, இந்த மாசச் சம்பளத்துல 2,500 ரூபா எடுத்து வெச்சிடுங்க.

அடுத்த வீடியோவுல அந்த 52 ரூபா கணக்கை உங்க கார், உங்க ஊர், உங்க லோனுக்கு ஏத்த மாதிரி எப்படிப் போடுறதுன்னு ஷீட்டோட காட்டுறேன். அதுவரைக்கும் பணத்தைப் பார்த்துச் செலவு பண்ணுங்க, வண்டியைச் சூடேற ஓட்டுங்க.